நாலும் மேலே

சாவோ பாலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜுந்தியாயி ஊரில் ஒருவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அவனைப் பொய்யன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களையும் மேலே தூக்கிக் காட்டுவார்கள். ரயில் பாதைக்கு மேல் பாலம் கட்டித் தருகிறேன் என்று மேயர் ஒலிபெருக்கியில் முழங்கியபோது கூட்டத்தில் பாதிப் பேர் நான்கு விரல்களைத் தூக்கினார்கள். மேயர் அதைத் தனக்கான வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு தானும் தூக்கினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப்போன மாப்பிள்ளைக்கும், மழை வரும் என்று சொல்லிய வானொலிக்கும் அதே நான்கு விரல்கள்தான். ‘நாலும் மேலே’ என்றால் ஊரில் குழந்தைக்கும் புரியும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. அனாக்லெத்தோ ஃபொந்தனாரிக்கு மறக்கவில்லை. அது அவர் வீட்டுப் பின்கொட்டகையிலிருந்து கிளம்பி ஊருக்குள் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அந்தக் கொட்டகையில் ஃபொந்தனாரி உடன்பிறப்புகள் மூன்று பேரும் அட்டாரி வீடியோ கேம் பெட்டியில் செருகும் ஆட்டக் கார்ட்ரிட்ஜ் செய்தார்கள். மூத்தவர் அனாக்லெத்தோ, முதலாளி, மேற்பார்வை, மீசை எல்லாம் அவர். அடுத்தவன் தெர்சீலியோ, சிப்புக்குள் என்ன எழுதுவது என்று அவனுக்குத்தான் தெரியும். கடைசியாகப் பிறந்த சுல்மீரா அந்தச் சிப்பைப் பிரதி எடுத்து, போர்டில் பற்றவைத்து, மூடி, லேபிள் ஒட்டினாள். ஒரே கார்ட்ரிட்ஜில் பதினாறு ஆட்டங்கள். அதன் தலையில் பல்வரிசை மாதிரி நான்கு குட்டி சுவிட்சுகள். ஒவ்வொன்றையும் மேலேயோ கீழேயோ தள்ளி அவற்றைப் பதினாறு விதமாக வைக்கலாம்; ஒவ்வொரு விதத்துக்கும் ஓர் ஆட்டம். பட்டியல் பின்பக்கம் ஒட்டியிருக்கும். நான்கும் கீழே இருந்தால் முதல் ஆட்டம். நான்கும் மேலே இருந்தால் பதினாறாவது. அதற்கு நேரே ‘வியப்பு’ என்று அச்சிட்டிருந்தது.

நான்கையும் மேலே தள்ளி டி.வி.யைப் போட்டவர்களுக்குக் கறுப்புத் திரைதான் கிடைத்தது. சிலர் அதுதான் வியப்பின் தொடக்கம் என்று நம்பி அரைமணி நேரம் காத்திருந்தார்கள்.

மற்றப் பதினைந்து ஆட்டங்களும் அமெரிக்காவில் யாரோ எழுதியவை. ஃபொந்தனாரிகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அப்போது வெளிநாட்டுச் சரக்குக்கு நாட்டில் தடை இருந்தது. நகல் எடுப்பது தேசபக்தியின் ஒரு கிளையாகவே நடந்துவந்தது. அனாக்லெத்தோ அதைத் திருட்டு என்று ஒருநாளும் எண்ணியதில்லை. ஆனால் பதினாறு என்று அச்சிட்டுப் பதினைந்தைக் கொடுப்பது ஏமாற்று. அடுத்தவன் பொருளை எடுத்தாலும் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் குடும்பத்தின் நெறி.

முதலில் புகார் சொன்ன இருபது பேரிடம் உங்கள் பெட்டி பழுது என்றார். அடுத்த இருபது பேரிடம் ஆண்டெனாவைத் திருப்பச் சொன்னார். பிறகுதான் தெர்சீலியோவைக் கூப்பிட்டுக் கேட்டார். பதினாறாவதை நானே சொந்தமாக எழுதினேன், சிப்பிலும் ஏற்றினேன் என்று அவன் சத்தியம் செய்தான். என்ன ஆட்டம் என்றதற்குச் சிரித்தான். போட்டுப் பார்த்தார்கள், கறுப்பு. அடுத்து வந்த ஈஸ்டர் விருந்தில் இருபத்திரண்டு உறவினர்கள் முன்னால் அனாக்லெத்தோ எழுந்து நின்று தம்பியை ஏமாற்றுக்காரன் என்றார். தெர்சீலியோ முள்கரண்டியைக் கீழே வைத்தான். மனைவியைக் கூட்டிக்கொண்டு லொந்த்ரீனாவுக்குப் போனான். அங்கே குளிர்பெட்டி விற்றுப் பிழைத்தான். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் அவன் செத்தபோது அனாக்லெத்தோ பஸ்ஸேறிப் போய், குழியருகே முதுகு வளையாமல் நின்றுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பினார்.

இப்போது அவருக்கு எழுபத்தேழு வயது. மீசை நரைத்ததே தவிர நீளம் குறையவில்லை. விதியே என்று விரல்களைச் சகித்துக்கொண்டுதான் இருந்தார். ரொட்டிக் கடையில் ஒட்டியிருந்த அந்த அறிவிப்பைப் பார்க்கும்வரை.

பழைய வீடியோ கேம் சேகரிப்போர் சங்கம், ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியக் கிளப் மண்டபத்தில், கோழிக் குழம்பும் பொலெந்தா என்னும் சோளக் களியும் உண்டு என்று அதில் இருந்தது. அதன் கீழே, இந்த வருடச் சிறப்பு: ‘உள்நாட்டுப் பொய்கள்’ மேசை. உடையவே உடையாது என்று விற்று முதல் நாளே உடைந்த ஆட்டக் கைப்பிடி, சுடாத ஆட்டத் துப்பாக்கி, நடுவில் மகுடம்போல ஃபொந்தனாரி கார்ட்ரிட்ஜ். பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அவர் திரும்பியபோது பக்கத்தில் நின்ற ஒருவன் கடைக்காரரைப் பார்த்து நான்கு விரல்களைத் தூக்கினான். அனாக்லெத்தோ அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அவன் கேட்டது நான்கு ரொட்டி. மன்னிப்புக் கேட்க அவருக்கு வரவில்லை. ஐந்தாவது ரொட்டியை வாங்கி அவன் பையில் போட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுல்மீராவிடம் தன் முடிவை அறிவித்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே வீட்டில்தான் இருந்தார்கள். புதிதாக ஒரு கார்ட்ரிட்ஜ் செய்யப் போகிறார்; அதில் பதினாறும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதை அந்த மேசையில் வைத்து, பதினாறாவது இடத்தைக் காலியாக விட்டவன் தெர்சீலியோதான், அதில் வீட்டுக்குப் பங்கில்லை என்று ஒரு காகிதத்தைப் படிப்பார். சுல்மீரா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பீன்ஸைக் குப்பையிலும் தோலைப் பாத்திரத்திலும் போட்டாள்.

வேலை செவ்வாய்க்கிழமை தொடங்கியது. பழைய கார்ட்ரிட்ஜ் ஓடு ஒன்றைத் திறந்து, சூடாக்கிய கத்தியால் சுவிட்சுக்கு ஜன்னல் வெட்டினார். சாவோ பாலோவுக்குப் பஸ்ஸேறிப் போய் சாந்தா இஃபிஜேனியா தெருவில் நான்கு பல் சுவிட்ச், காலி போர்டு, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உள்ளங்கை அளவில் ஒரு சீனக் கருவி எல்லாம் வாங்கி வந்தார். சொல்லைத் தலைகீழாக்கும் சிப் ஒன்று கொட்டகை டப்பாவிலேயே கிடைத்தது. அது இல்லாமல் கார்ட்ரிட்ஜ் ஓடாது. அட்டாரி ‘ஆம்’ என்று சொல்லிக் கூப்பிடும். ஆட்டம் இருக்கும் சிப்போ ‘இல்லை’ என்றால்தான் வாய் திறக்கும். நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து, இந்தப் பக்கம் வந்த சொல்லை அந்தப் பக்கம் தலைகீழாக்கித் தர வேண்டும். அத்தனை வருடமும் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் சுல்மீரா அந்த வேலையைத்தான் பார்த்தாள். அந்தத் தறுதலை இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று அனாக்லெத்தோ கேட்டால், அண்ணன் உன்னை விசாரித்தார் என்று லொந்த்ரீனாவுக்குக் கடிதம் போகும்.

புதன்கிழமை, விற்காமல் தங்கிய பழைய கார்ட்ரிட்ஜின் சிப்பைக் கழற்றிக் கருவியில் வைத்துப் படித்தார். பதினைந்து ஆட்டங்களும் எண்களாகத் திரையில் இறங்கின. பதினாறாவது வந்ததும் ஒரே பூஜ்யம். பக்கம் பக்கமாகப் பூஜ்யம்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். இந்த வகைச் சிப் வெறுமையாக இருக்கும்போது அதில் எல்லா இடத்திலும் ‘1’ என்றே இருக்கும். எழுதுவது என்றால் வேண்டிய இடங்களில் அந்த ‘1’ஐப் பூஜ்யமாக்குவது. காலியாக விட்ட இடத்தில் இத்தனை பூஜ்யம் வராது. எவனோ உட்கார்ந்து, இருந்த ஆட்டத்தின் மேல் வரிவரியாகப் பூஜ்யம் அடித்திருக்கிறான். அனாக்லெத்தோவுக்கு எவன் என்பதில் ஐயமே இல்லை. காகிதத்தை எடுத்து, ‘காலியாக விட்டான்’ என்பதை அடித்துவிட்டு, ‘வேண்டுமென்றே அழித்தான்’ என்று எழுதினார்.

புதிய கார்ட்ரிட்ஜுக்கு ஒரு வெற்றுச் சிப் வேண்டும். டப்பாவில் இருந்தவை எல்லாம் எழுதிய சிப்புகள். அவற்றின் நெற்றியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்து பூஜ்யங்கள் மறுபடி ‘1’ ஆகும். அதனால்தான் எழுதி முடித்ததும் ஜன்னலை ஒட்டி மூடுவார்கள். அவருடைய பழைய விளக்கு என்றோ செத்துவிட்டது. தெருமுனையில் இருந்த நகச்சாயக் கடையில் சாயத்தைக் காயவைக்க அப்படி ஒரு விளக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அங்கிருந்த பெண் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டாள். மூன்று மணி நேரம் சிப்பை விளக்கடியில் வைத்தார். ஓர் எழுத்துக்கூட அழியவில்லை; அதன் மேல் சிந்தியிருந்த ரோஸ் சாயம் மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. அந்த விளக்கின் ஒளி வேறு ஜாதி.

சரியான ஒளி ஊரில் ஓரிடத்தில்தான் இருந்தது. பல் டாக்டர் எவரால்டோவின் அறையில், கருவிகளைக் கிருமி நீக்கும் பெட்டிக்குள். சேகரிப்போர் சங்கத்தின் தலைவரும் அவரே.

டாக்டர் எவரால்டோ நாற்பத்தாறு வயதுக்காரர், தடித்தவர், எதற்கும் அவசரப்படாதவர். அனாக்லெத்தோ சிப்பை நீட்டியதும் என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டார். இருபது நிமிடம் ஆகும், அதுவரைக்கும் நாற்காலியில் சாயுங்கள், இரண்டு வருடமாக என்னிடம் காட்டாமல் ஒளித்துவைத்த அந்தக் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றால் பயந்ததாக ஆகும். அனாக்லெத்தோ சாய்ந்தார், வாயைத் திறந்தார். உடனே கொக்கி, பஞ்சு, உறிஞ்சு குழாய் மூன்றும் உள்ளே போயின. பேச்சு என்பது அதோடு டாக்டரின் தனிச்சொத்தாயிற்று.

எண்பத்தைந்து கிறிஸ்துமஸுக்கு டாக்டரின் அப்பா வருடக் கடைசியில் கூடுதலாக வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் அந்தக் கார்ட்ரிட்ஜை வாங்கித் தந்தாராம். அப்போது டாக்டருக்கு எட்டு வயது. ஒரு வருடம் தினமும் நான்கு சுவிட்சையும் மேலே தள்ளிப் பார்த்திருக்கிறார். ஒன்பது நாள் ஜெபமும் செய்திருக்கிறார்.

“நான் பல் டாக்டர் ஆனதே உங்களாலதான், அனாக்லெத்தோ ஐயா,” என்றார். “குத்தூசியை வச்சு அந்த நாலு பல்லை நோண்டி நோண்டியே கை பழகிடுச்சு. வாயை மூடாதீங்க.”

அனாக்லெத்தோ கண்ணாலேயே பல பதில்களைச் சொன்னார். குழாயை எடுத்ததும் முதல் வேலையாக, அழித்தது தன் தம்பி, ஞாயிற்றுக்கிழமை அதை ஊரறியப் படிக்கப் போகிறேன் என்று அறிவித்தார். டாக்டர் யோசனையோடு குழாயைத் திரும்ப வாயில் வைத்தார்.

“உங்க தம்பி செத்து மூணு வருஷம் ஆச்சு. எழுந்து வந்து இல்லன்னு சொல்லப் போறதில்ல. வசதிதான்,” என்றார். “அகலமா திறங்க.”

திரும்பும்போது வெறுமையான சிப்பும், சுத்தமான கடைவாய்ப் பல்லும், பதினாறாவது இடத்துக்கு எந்த ஆட்டம் வேண்டுமானாலும் தருகிறேன் என்ற டாக்டரின் வாக்கும் அவரிடம் இருந்தன. அதில் ஆற்றின் மேல் விமானம் ஓட்டும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தார். நிறையப் பேருக்குப் பிடித்தது அது. சமையலறையில் நின்று, திருத்திய காகிதத்தைச் சுல்மீராவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ‘வேண்டுமென்றே அழித்த என் தம்பி’ என்ற இடத்தில் குரலை உயர்த்தினார்.

சுல்மீரா கையைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். வரும்போது கையில் புனித அந்தோணியார் சிலை இருந்தது. கல்யாணம் ஆக வேண்டிய காலத்தில், மாப்பிள்ளை தேடித் தரட்டும் என்று அவள் அவரைத் தண்ணீர்க் குடத்தில் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தாள்; மாப்பிள்ளை வராததால் மன்னிக்காமல் இன்னும் சுவரைப் பார்க்க வைத்திருந்தாள். இப்போது மறுபடி அவரைத் தலைகீழாக்கினாள். அடியில் இருந்த தக்கையைக் கழற்றி, பொந்துக்குள் விரலை விட்டு, ஒரு சிப்பை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் ஜன்னலில் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. நாடாவின் மேல் தெர்சீலியோவின் கையெழுத்தில் ‘16’.

“முதல் சிப்பு,” என்றாள். “பதினாறும் இதுல இருக்கு. நீ விக்கிறதுக்கு நான் பிரதி எடுத்ததுலதான் பூஜ்யம் அடிச்சேன்.”

அனாக்லெத்தோ உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டார்.

“போட்டுப் பாரு. நான் வாயால சொல்ல மாட்டேன்.”

கொட்டகையில் பழைய டி.வி.யும் அட்டாரியும் இன்னும் இருந்தன. அரைகுறைக் கார்ட்ரிட்ஜில் அந்தச் சிப்பைச் செருகி, நான்கு சுவிட்சையும் மேலே தள்ளிப் பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு ஓர் இருமல் கேட்டது. பெட்டியின் கரகர ஒலியில் செய்த இருமல். தொண்டையைக் கனைத்து, நடுவில் நிறுத்தி, மறுபடி கனைக்கும் இருமல். அதைக் கேட்டதும் சுல்மீரா பழக்கத்தில் முதுகை நிமிர்த்தினாள்.

திரையின் மேல்பக்கம் ஒரு பெரிய மீசை இரண்டு முனையும் கீழே தொங்க ஊர்ந்து வந்தது. கீழே வரிசையாக மேசைகள், அவற்றில் குட்டி மனிதர்கள். வலதுகோடியில் ஒரு கதவு. கதவின் மேல் ‘3’. ஒரு குட்டி மனிதனைக் கதவுக்கு ஓட்ட வேண்டும். பாதிவழியில் இருமல் கேட்கும். மீசை பொத்தென்று இறங்கி அவனைக் கவ்வி மேசைக்கே கொண்டுபோய்ப் போடும்.

கொட்டகைக் கழிப்பறைக் கதவில் அந்தக் காலத்தில், உள்ளே போகிறவர்களின் நேரத்தை எண்ண, ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கியது. தொங்கவிட்டவர் அனாக்லெத்தோ.

அவர் குனிந்து, திரையில் இருந்த ‘3’ஐ விரலால் தட்டினார்.

“மூணு நிமிஷம்னு எவன் சொன்னது?” என்றார். “நான் நாலு நிமிஷம் குடுத்தேன்.”

“மூணுதான். கடிகாரம் இன்னும் என்கிட்ட இருக்கு.”

அதற்கு மேல் கேட்க வேண்டியிராமல் சுல்மீராவே சொன்னாள். பிரதி எடுத்த அந்த மாதம் அவர் இத்தாலியக் கிளப் தலைவர் தேர்தலில் நின்றார். ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இந்த மீசையைப் பார்த்துச் சிரித்தால் குடும்பத்தின் பெயர் என்னாவது என்று அவள் பயந்தாள். பூஜ்யம் அடித்துவிட்டால் ஒன்றும் இல்லாமல் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

“இப்ப மட்டும் சிரிக்கலயா?” என்றார் அனாக்லெத்தோ.

“சிரிக்கிறாங்க. நாலு விரலைத் தூக்கிட்டுச் சிரிக்கிறாங்க.”

“தெர்சீலியோவுக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரிஞ்சிருச்சு. ஈஸ்டர் சாப்பாட்டுல நீ நின்னுகிட்டுக் கத்தினப்ப அவன் என்னைத்தான் பாத்தான். நான் தட்டைப் பாத்தேன். அப்புறம் லொந்த்ரீனாவுக்குப் போய், அண்ணன்கிட்ட சொல்லிடறேன்னு அழுதேன். சொல்லாத, சொன்னா உன்னையும் அனுப்பிடுவான், அந்த வீட்ல யாராவது ஒருத்தர் இருக்கட்டும்னான்.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை, சிலையின் அடித்தக்கையைத் திருகிக்கொண்டிருந்தாள். “வேற ஆட்டத்தைப் போடு, க்ளேத்தோ. டாக்டர் ஆயிரம் வச்சிருக்காரு. வியப்புன்னுதான எழுதியிருக்கோம். எதைப் போட்டாலும் எவனுக்குத் தெரியும்?”

அதுதான் வழி என்று அவருக்கும் பட்டது. விமான ஆட்டத்தைப் போட்டால் எண்ணிக்கை பதினாறாகும், மீசை தப்பும். அன்று மாலைவரை அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அவர் அந்த ஆட்டத்தை ஆடினார். முப்பது தடவை கதவை நோக்கி ஓடினார். முப்பது தடவையும் தன் மீசையிடம் தானே பிடிபட்டார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் நியாயமில்லாதவன் என்று முணுமுணுத்தார்.

மறுநாள் காலை முதல் சிப்பைப் படித்து, பதினாறையும் அப்படியே வெற்றுச் சிப்பில் எழுதினார். ஜன்னலை மூட வீட்டில் நாடா தீர்ந்துபோயிருந்தது. பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து அந்தோணியார் படத்தைக் கிழித்து ஒட்டினார். மீசை தெரியாதபடி ஏதாவது செய்ய முடியாதா என்று சுல்மீரா கேட்டாள்.

“அன்னைக்கு வித்தது இதுதான்,” என்றார். “இதைத்தான் குடுக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை இத்தாலியக் கிளப்பில் எண்பது பேர் இருந்தார்கள். முன்னாள் தலைவர்களின் படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. எண்பத்தாறாம் வருடத் தலைவர் அனாக்லெத்தோ ஃபொந்தனாரியின் படம், கறுத்த அடர்ந்த மீசையோடு, ஆட்டத்துக்கு வைத்திருந்த டி.வி.க்கு நேர் மேலே இருந்தது. அதை இடம் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மாற்றச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.

கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, பொய்கள் மேசை முன்னால் நின்று, காகிதத்தை விரித்தார். கடைசி வரிசையில் சில கைகள் நான்கு விரல்களோடு எழுந்தன. அவர் அவை இறங்கும்வரை காத்திருந்தார். சுல்மீரா முதல் வரிசையில் மடியில் கைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஈஸ்டரில் தட்டைப் பார்த்ததுபோலத் தரையைப் பார்த்தாள்.

பதினாறாவது ஆட்டத்தை எழுதியவன் தன் தம்பி தெர்சீலியோ ஃபொந்தனாரி என்று படித்தார். அவன் சொன்னபடி எழுதினான், சொன்னபடி சிப்பில் ஏற்றினான் என்று படித்தார். அதற்கு அடுத்த வரியைப் பலமுறை அடித்துத் திருத்தியிருந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதுகை வளைக்காமல் அதையும் படித்தார்.

“அதை அழித்தவன் நான்.”

சுல்மீரா தலையைத் தூக்கினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஃபொந்தனாரி வீட்டார் ஊர்முன் சொல்லிய முதல் முழுப் பொய் அதுதான். அதையும் பொய்கள் மேசை முன்னால் நின்றே சொன்னார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஏன் அழித்தேன் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்து, கார்ட்ரிட்ஜை டாக்டரிடம் நீட்டினார்.

டாக்டர் எவரால்டோ அதை வாங்கி அட்டாரியில் செருகினார். நகத்தால் நான்கு சுவிட்சையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். கறுப்புத் திரை. மண்டபத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு இருமல் வந்தது, மீசை வந்தது. எண்பது பேரும் திரையைப் பார்த்து, சுவரிலிருந்த படத்தைப் பார்த்து, அதன் கீழே நின்ற மனிதரைப் பார்த்தார்கள். சிரிப்பு பொலெந்தாப் பாத்திரம் அதிரும்படி எழுந்தது. அனாக்லெத்தோ அது ஓயும்வரை நின்றார். அது சுலபத்தில் ஓயவில்லை.

டாக்டர் ஆடினார். எட்டு வயதிலிருந்து காத்திருந்த ஆட்டம் பதினோரு நொடியில் முடிந்தது. அடுத்து ஆடிய இருபது பேரில் ஒருவராலும் கதவை எட்ட முடியவில்லை. இது ஜெயிக்க முடியாத ஆட்டம் என்று பேச்சு கிளம்பியது. அப்படியென்றால் அதுவும் ஏமாற்றுதானே என்று ஒருவன் தொடங்கியபோது சுல்மீரா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அவள் குட்டி மனிதனைக் கதவுப் பக்கம் ஓட்டவே இல்லை. எதிர்ப்பக்கமாக, இடது கோடி மேசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். மீசை வந்தது. எல்லா மேசையையும் துழாவியது. இடது மூலைக்கு ஒரு மேசை முன்பாகவே திரும்பிவிட்டது. அவள் அதன் முதுகுக்குப் பின்னாலேயே மெல்ல நடந்து, மண்டபமே மூச்சைப் பிடித்திருக்க, கதவுக்குள் போனாள். இருமல் பாதியில் நின்றது. மீசை தரையில் விழுந்து தலைகீழாகப் புரண்டது. தொங்கிய முனைகள் இரண்டும் மேலே போனதும் அது வாய் கொள்ளாத ஒரு சிரிப்பாக இருந்தது.

“அந்த மூலைக்கு மட்டும் ஏன் வரல அது?” என்று அனாக்லெத்தோ தங்கையின் காதருகில் குனிந்து கேட்டார்.

“என் மேசை அங்கதான இருந்துச்சு,” என்றாள் சுல்மீரா. “நீ அந்தப் பக்கம் என்னைக்குத் திரும்பிப் பாத்த?”

அனாக்லெத்தோ நிமிர்ந்தார். கனைத்தார், நடுவில் நிறுத்தி மறுபடி கனைத்தார். மண்டபத்தில் எண்பது பேரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டாக்டர் பொய்கள் மேசையிலிருந்து ஃபொந்தனாரி பெயரட்டையை எடுத்து, இதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். அதற்கு அவசரமில்லை என்றார் அனாக்லெத்தோ. நான்கு சுவிட்சையும் கீழே இறக்கி, முதல் ஆட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட வேண்டும். பதினாறும் எண்ணி முடியும்வரை ஒருவரும் மண்டபத்தை விட்டுப் போகக் கூடாது. கோழிக் குழம்பு அதுவரை காத்திருக்கலாம்.

ஏழாவது ஆட்டம் ஓடும்போது கடைசி வரிசையில் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்து, கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். அனாக்லெத்தோ ஃபொந்தனாரி மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு நிமிஷம்,” என்றார்.